ரிப்போர்ட் பில்டர் தப்புக் கணக்குக் காட்டினால்: எங்கே பார்ப்பது, எதை முதலில் தொடுவது

"தம்பி, உங்க ரிப்போர்ட்டப் பாத்தா நான் பருப்பு வித்ததவிட வண்டி வாடகையிலதான் அதிகம் சம்பாதிச்சிருக்கேன் போல" என்று ஒரு மொத்த மளிகை வியாபாரி போனில் சொன்னார். சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றையும் கலக்கியது. மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் வெப் அப்ளிகேஷன் ஒன்றில் ரிப்போர்ட் பில்டரைக் கவனிப்பது என் வேலை. பயனர் தனக்கு வேண்டிய ஃபீல்டுகளை எடுத்துப் போடுவார், ஃபில்டர் வைப்பார், எதை வைத்துக் குரூப் செய்வது என்று சொல்வார். பின்னால் நம் கோட் அதை எஸ்க்யூஎல்லாக (டேட்டாபேஸிடம் தரவைக் கேட்கும் மொழி) மாற்றி டேட்டாபேஸில் ஓட்டும். நாமே எழுதிய ரிப்போர்ட் என்றால் ஒருமுறை சரிபார்த்தால் போதும். இதில் யார் எதை எதோடு சேர்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் வருகிற கோளாறுகள் என்னவோ ஏழெட்டுதான். வேஷம் மட்டும் மாறும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் கோடைத் திறப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, பில்டர் உருவாக்கிய எஸ்க்யூஎல்லைக் கையில் எடுங்கள். அட்மினுக்கு மட்டும் தெரிகிற மாதிரி "குவெரியைக் காட்டு" என்று ஒரு பட்டன் இல்லையென்றால் முதலில் அதை வையுங்கள். அரை நாள் வேலை, பல இரவுகளைக் காப்பாற்றும். இரண்டு, மாத ரிப்போர்ட்டை முழுசாக வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். தப்பாக வருகிற ஒரே ஒரு பில்லைப் பிடித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் ரிப்போர்ட்டை ஓட்டுங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

## தொகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறி வருகிறது

மளிகைக்காரரின் பில் இதுதான். மூன்று பொருள்கள், சேர்த்து 12,000 ரூபாய். வண்டி வாடகை 500. பணம் இரண்டு தவணையாக வந்திருந்தது: 7,000, அப்புறம் 5,500. அவர் பொருள், வாடகை, வரவு மூன்றையும் ஒரே ரிப்போர்ட்டில் இழுத்துப் போட்டிருந்தார். வந்த விடை: பொருள் 24,000, வாடகை 3,000, வரவு 37,500.

பில் டேபிளோடு பொருள் டேபிளை ஜாயின் செய்தால், அதாவது பொருந்துகிற வரிசைகளை இணைத்தால், 3 வரிசை. அதோடு வரவு டேபிளையும் ஜாயின் செய்தால் 3 பெருக்கல் 2, ஆக 6 வரிசை. பொருளின் தொகை ஒவ்வொன்றும் இரண்டு முறை, வரவு மூன்று முறை, வாடகை ஆறு முறை கூட்டப்பட்டுவிட்டது.

சோதனை சுலபம். அந்த ஒரு பில்லுக்கு வந்த தப்பான தொகையைச் சரியான தொகையால் வகுங்கள். முழு எண் வந்தால் ஜாயின்தான் குற்றவாளி, வேறு எங்கும் தேட வேண்டாம். ஒரே பில்லை வைத்துத்தான் இந்தச் சோதனை செல்லும். மாத மொத்தத்தை வகுத்தால் 2.37 என்று ஏதாவது வந்து குழப்பும்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒரே டேபிள் தேவையில்லாமல் பெருக்குகிறதா என்பது. வாடிக்கையாளருக்கு பில் முகவரி, டெலிவரி முகவரி என்று இரண்டு இருக்கும். ஜாயினில் எந்த வகை முகவரி என்று சொல்லாமல் விட்டிருப்போம். அங்கே ஒரு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது.

கோளாறு எண்ணிக்கையில் மட்டும் என்றால், அதாவது 40 பில்லை 120 என்று காட்டினால், பில் ஐடியை "கவுன்ட் டிஸ்டிங்க்ட்" (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எண்ணுவது) செய்தால் போதும். அதே தைரியத்தில் தொகைக்கும் "சம் டிஸ்டிங்க்ட்" போட்டுவிடாதீர்கள். நானும் போட்டவன்தான். இரண்டு பில்லில் வாடகை 500, 500 என்று ஒரே மாதிரி இருந்தால் அது ஒன்றை விழுங்கிவிடும். முதலில் கூடுதலாக வந்த தொகை இப்போது குறைவாக வரும். கூடுதலாக வந்தால் யாராவது கத்துவார்கள். கொஞ்சம் குறைவாக வந்தால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

சரியான மருந்து: பொருள் டேபிளைத் தனி சப்குவெரியில் (குவெரிக்குள் ஒரு குவெரி) பில் வாரியாகக் கூட்டிக்கொள்ளுங்கள், வரவையும் அப்படியே. ஒவ்வொன்றும் ஒரு பில்லுக்கு ஒரு வரிசை என்று சுருங்கிய பிறகு பில் டேபிளோடு ஜாயின் செய்யுங்கள். இதை ஒரு ரிப்போர்ட்டுக்குக் கையால் செய்வது எளிது. பில்டரே தானாகச் செய்ய வேண்டும் என்றால், எந்த டேபிளில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது (ஒரு பில்லா, பில்லில் ஒரு பொருளா, ஒரு வரவா) என்பதை ஃபீல்டுகளின் பட்டியலிலேயே எழுதி வைக்க வேண்டும். பயனர் இரண்டு வெவ்வேறு கிளை டேபிள்களிலிருந்து தொகை கேட்டால் கோட் அதைப் பார்த்து சப்குவெரிக்கு மாற வேண்டும். எங்களுக்கு இது மூன்று வாரம் பிடித்தது. அதுவரை, அப்படிப்பட்ட இரண்டு டேபிள்களை ஒரே ரிப்போர்ட்டில் சேர்க்க விடாமல் தடுத்து வைத்திருந்தோம். பயனர்கள் முணுமுணுத்தார்கள். தப்புக் கணக்கு கொடுப்பதைவிட அது மேல்.

நான்கைந்து கிளை டேபிள்கள், அதற்குள் திரும்பவும் கிளை என்று போனால், டேட்டா மாடலிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டுக்கென்று தனிச் சுருக்க டேபிள்கள் அமைத்துக்கொள்வது நல்லது. ஒட்டுப்போட்டுச் சமாளித்தால் ஒட்டுதான் மிஞ்சும்.

### வித்தியாசம் சில பைசாவோ ரூபாயோதான் என்றால்

அது ஜாயின் இல்லை. தொகை ஃபீல்டு "ஃப்ளோட்" (தசம எண்ணைத் தோராயமாக வைப்பது) வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்துக்கு "நியூமெரிக்" அல்லது "டெசிமல்"தான். அதுவும் சரி என்றால், ஒரு இடத்தில் பொருள் வாரியாக ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டுகிறீர்கள், இன்னொரு இடத்தில் கூட்டிவிட்டு ரவுண்ட் செய்கிறீர்கள். ஜிஎஸ்டியில் எது வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் ஆடிட்டரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, எல்லா ரிப்போர்ட்டிலும் அதையே வையுங்கள்.

## சில வரிசைகள் காணவில்லை

மாதக் கடைசி நாள் மட்டும் காணவில்லையா? மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று "பிட்வீன்" போட்டிருப்பீர்கள். ஃபீல்டில் தேதியோடு நேரமும் இருந்தால் 31 என்பது 31-ஆம் தேதி நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடுகிறது. அன்றைய விற்பனை முழுவதும் வெளியே நிற்கும். 23:59:59 என்று ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, "மார்ச் 1-உம் அதற்குப் பிறகும், ஏப்ரல் 1-க்கு முன்பு" என்று எழுதுங்கள்.

விற்பனையே இல்லாத வாடிக்கையாளர்கள் பூஜ்யத்தோடு வர வேண்டிய இடத்தில் வரவே இல்லையா? லெஃப்ட் ஜாயின் (பொருத்தம் இல்லாவிட்டாலும் இடது டேபிளின் வரிசையை வைத்துக்கொள்வது) சரியாகத்தான் இருக்கும். ஆனால் பயனர் வைத்த பில் தேதி ஃபில்டரை பில்டர் கொண்டுபோய், கடைசி விடையை வடிகட்டும் "வேர்" (WHERE) பகுதியில் சேர்த்திருக்கும். பில் இல்லாதவருக்குத் தேதியும் இல்லை, அதனால் அவர் ஃபில்டரில் விழுந்துவிடுகிறார். லெஃப்ட் ஜாயின் பெயருக்கு லெஃப்ட், வேலைக்கு இன்னர் (பொருந்தியதை மட்டும் வைப்பது). வலது பக்க டேபிளின் ஃபில்டர்களை, ஜாயின் நிபந்தனை எழுதும் "ஆன்" (ON) பகுதிக்கு நகர்த்துங்கள்.

"ரத்தானவை தவிர" என்று கேட்டால் சில நல்ல பில்களும் போய்விடுகின்றனவா? அந்த பில்களில் நிலை ஃபீல்டு காலியாக, அதாவது "நல்" ஆக இருக்கும். பெயரில்தான் நல், குணத்தில் இல்லை. "ரத்து அல்ல" என்று கேட்டால் காலியான ஃபீல்டு ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அந்த வரிசை போயே போய்விடும். உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் என்றால், காலியையும் ஒரு மதிப்பாக ஒப்பிடும் "இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்" பயன்படுத்துங்கள். "நாட் இன்" போட்டு உள்ளே ஒரு சப்குவெரி வைத்திருந்தால் இன்னும் மோசம். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் ரிப்போர்ட் முழுக்கக் காலியாக வரும். "நாட் எக்ஸிஸ்ட்ஸ்" என்று மாற்றுங்கள்.

மூன்றும் இல்லையென்றால் கடைசியாக, அந்தப் பயனரின் அனுமதியைப் பாருங்கள். ஒரு கிளையின் மேலாளருக்குத் தன் கிளை மட்டும்தான் தெரியும் என்று நாமே வைத்த விதியை மறந்துவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

## இன்றைய விற்பனை நேற்றில் போய் உட்காருகிறது

காய்கறி மண்டி வாடிக்கையாளர் ஒருவர் வந்த பிறகுதான் இது எங்களுக்கே தெரிந்தது. மளிகைக்கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும், கோளாறு வெளியே வராது. மண்டியில் இரவு இரண்டு மணிக்கே பில் போட ஆரம்பித்துவிடுவார்கள். டேட்டாபேஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதனால் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை போட்ட பில் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்தது. மண்டிக்கு அதுதான் வியாபார நேரமே.

சோதனை: ஒரு நாளை எடுத்து, 12 முதல் 5:30 வரையுள்ள பில்களை மட்டும் கூட்டுங்கள். அன்றைக்குக் குறைகிற தொகையில், மறுநாள் அதிகாலையிலிருந்து வந்து சேர்ந்ததையும் கணக்கில் வைத்துப் பார்த்தால், சரியாகப் பொருந்தும். பொருந்தினால் நேர மண்டலம்தான்.

போஸ்ட்கிரஸில் ஃபீல்டு "டைம்ஸ்டாம்ப்டிஇசட்" (நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளும் நேரம்) வகை என்றால் "அட் டைம் ஜோன்" போட்டு ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு தேதியாக வெட்டுங்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. வெறும் "டைம்ஸ்டாம்ப்" வகையில் யூடிசி நேரத்தைச் சேமித்திருந்தால் அதே வாக்கியம் எதிர்த்திசையில் வேலை செய்யும், ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துவிடும். முதலில் யூடிசி என்று சொல்லி, அப்புறம் கொல்கத்தா என்று இரண்டு முறை எழுத வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் "கன்வெர்ட் டிஇசட்" செய்து விடை நல் ஆக வந்தால், சர்வரில் நேர மண்டல டேபிள்கள் ஏற்றப்படவில்லை. ஏற்றுங்கள், அல்லது ஊர்ப் பெயருக்குப் பதில் +05:30 என்று கொடுங்கள்.

டேட்டாபேஸ் சரியாக இருந்தும், பயனர் மார்ச் 1 தேர்ந்தெடுத்தால் பிப்ரவரி கடைசி நாளிலிருந்து வருகிறதா? அப்போது கோளாறு பிரவுசரில். ஜாவாஸ்கிரிப்டில் உள்ளூர் நள்ளிரவை "டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்" செய்து முதல் பத்து எழுத்தை வெட்டி அனுப்பியிருப்பார்கள். இந்திய நள்ளிரவு யூடிசியில் முந்தைய நாள் மாலை 18:30. வெட்டும்போது முந்தைய நாள்தான் மிஞ்சுகிறது. தேதியைத் தேதியாகவே, நேரத்தை ஒட்டாமல் அனுப்புங்கள்.

நிதியாண்டுக் குழப்பம் தனி. "இந்த ஆண்டு" என்ற ஃபில்டர் ஜனவரியில் ஆரம்பித்தால் இந்தியக் கடைக்காரருக்கு அது பயனில்லை, அவருக்கு ஆண்டு ஏப்ரலில்தான் பிறக்கிறது. மூன்று மாதம் கழித்துவிட்டு ஆண்டைக் கணக்கிடுங்கள், முடிந்தது.

## ஒரே ஊர் இரண்டு முறை வருகிறது

ஊர் வாரியாக விற்பனை கேட்டால் "கோவை" ஒரு வரிசையில் 3,10,000, அடுத்த வரிசையில் இன்னொரு "கோவை" 42,000. திரையில் உற்றுப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான்.

முதல் சந்தேகம் எப்போதும் கடைசியில் ஒட்டிய இடைவெளி. ட்ரிம் செய்து பாருங்கள், பாதிக்குமேல் இதிலேயே தீரும். தீராவிட்டால் இரண்டு சொற்களின் எழுத்து எண்ணிக்கையை "லெங்த்" போட்டுக் கேளுங்கள். "கோவை" என்பது 4 குறியீடு: க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி. ஐந்து வந்தால் அதுதான் திருடன். சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடாமல், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் போடும். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு வேறு.

இதற்கு மருந்து யூனிகோடு நார்மலைசேஷன், அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவம். போஸ்ட்கிரஸ் 13 முதல் "நார்மலைஸ்" என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. பழைய தரவை ஒருமுறை மாற்றுங்கள், இனி வருவதைச் சேமிக்கும்போதே மாற்றுங்கள். ரிப்போர்ட் ஓடும்போது மாற்றலாம் என்று நினைத்தால் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் பட்டியல்) வேலை செய்யாது.

என்எஃப்சியும் காப்பாற்றாத ஒன்று உண்டு. "கௌரி ஸ்டோர்ஸ்" என்று ஒருவர் சரியாக அடிப்பார். இன்னொருவர் எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் நிஜமான ளகரத்தையே அடித்து "கெளரி ஸ்டோர்ஸ்" என்று வைப்பார். திரையில் அச்சு அசலாக அதேதான். ஆனால் யூனிகோடைப் பொறுத்தவரை இவை இரண்டும் உண்மையிலேயே வேறு சொற்கள், எந்த ஃபங்ஷனும் தானாகச் சேர்த்துவைக்காது. கண்மூடித்தனமாக மாற்றவும் முடியாது. "கெளுத்தி" என்பதில் ளகரம் நிஜம். பட்டியல் எடுத்து, சந்தேகப்பட்டதைக் கடைக்காரரிடமே காட்டி இணைக்கச் சொல்கிறோம். பெயரை வைத்துக் குரூப் செய்யாமல் வாடிக்கையாளர் ஐடியை வைத்துக் குரூப் செய்வதுதான் நிரந்தர வழி.

தமிழ்ப் பெயர்கள் வரிசை மாறி வந்தால் அதுவும் இதே வீட்டுப் பிள்ளை. யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நெடுங்கணக்கில் அவை இரண்டும் கடைசி. போஸ்ட்கிரஸில் ஐசியு நூலகம் வழியாகத் தமிழ் கொலேஷனை (எழுத்து வரிசை விதி) எடுத்து வரிசைப்படுத்துங்கள்.

## சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் பிழைச் செய்தி

கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சரியாக 60 விநாடியில் 504 (பதில் வர நேரமாகிவிட்டது என்ற பிழை) வந்தால், முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் பொறுமை இழந்துவிட்டது. அதன் இயல்பான காத்திருப்பு 60 விநாடி. 30 விநாடியில் அறுந்தால் கனிகார்ன் போன்ற ஆப் சர்வர் தன் வேலையாளைக் கொன்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் செத்தால் மெமரி. லட்சம் வரிசைகளை ஒரே மூச்சில் மெமரிக்குள் இழுக்கிறீர்கள்; கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து எழுதுங்கள்.

காத்திருப்பை 300 விநாடியாகக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி அது.

காசு செலவில்லாத வழி முதலில். தேதி ஃபில்டர் காலியாக இருந்தால் நடப்பு மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோட்டத்துக்கு 100 வரிசை போதும். இந்த இரண்டில் எங்களுக்கு வந்த புகார்களில் பாதி அடங்கியது.

அப்புறம் டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று பார்க்க, அந்தக் குவெரியை "எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்" போட்டு ஓட்டுங்கள். அது குவெரியை நிஜமாகவே ஓட்டும் என்பதை மறக்காதீர்கள், கடை நேரத்தில் வேண்டாம். டேபிள் முழுவதையும் தடவுகிறது என்று காட்டினால், தேதி ஃபீல்டைச் சுற்றி ஃபங்ஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேதியாக வெட்டி ஒப்பிட்டால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. ஃபீல்டைத் தொடாமல் விட்டு, ஒப்பிடும் எல்லைகளை மாற்றி எழுதுங்கள். "பெயரில் எங்காவது இந்தச் சொல்" என்ற ஃபில்டரும் அப்படித்தான். அதற்கு போஸ்ட்கிரஸில் ட்ரைகிராம் இண்டெக்ஸ் என்று தனி வகை இருக்கிறது. இண்டெக்ஸ் இருந்தும் பயன்படுத்தவில்லை என்றால் ஒருமுறை "அனலைஸ்" ஓட்டிப் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள்.

இதற்கு மேலும் மெதுவாகத்தான் இருக்கிறது, ரிப்போர்ட்டும் உண்மையிலேயே பெரியது என்றால், திரையில் காக்க வைக்காதீர்கள். பின்னணி வேலையாக ஓட்டி, முடிந்ததும் இறக்கிக்கொள்ள லிங்க் அனுப்புங்கள். ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒரு ரிப்போர்ட் என்று வரம்பும் வையுங்கள். பொறுமையில்லாதவர் பட்டனை எட்டு முறை அழுத்துவார், எட்டும் ஓடும்.

ரிப்போர்ட் ஓடும்போது பில் போடுவதே தடுமாறினால் அங்கே நிறுத்துங்கள். கடையில் வரிசை நிற்கிறது, பரிசோதனைக்கு அது நேரமில்லை. அந்த நாளே ஒரு டிபிஏவைக் (டேட்டாபேஸ் நிர்வாகி) கூப்பிட்டு, ரிப்போர்ட்டுக்குத் தனி ரெப்ளிக்கா (டேட்டாபேஸின் நகல்) வைப்பதா, வேறு வழியா என்று அவர் சொல்வதைக் கேளுங்கள்.

## எக்செல்லில் திறந்தால் மாறிப்போகிறது

தமிழுக்குப் பதில் கொக்கி போட்ட ஆங்கில எழுத்துகள்: சிஎஸ்வி கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்கிறது என்று எக்செல்லுக்குத் தெரியவில்லை. கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் குறியை எழுதுங்கள்.

முன்னால் இருந்த பூஜ்யம் காணவில்லை: தேயிலைக்கு ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டியில் பொருளின் வகை எண்) 0902. சிஎஸ்வியைத் திறந்தால் 902 என்று நிற்கும். அதை அப்படியே சேமித்து ஆடிட்டருக்கு அனுப்பினால் அவர் நம்மைத்தான் திட்டுவார். பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறுவதும் இந்த ரகம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்துக்கொள்ளாது. பைப் அளவு 1-2 என்று போட்டால் தேதியாகிவிடும். இது நம் பிரச்சினை மட்டுமில்லை. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றித் தொலைத்ததால், அவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்.

சிஎஸ்வியில் முன்னால் மேற்கோள் குறி, டேப் என்று வித்தை காட்டாதீர்கள். அந்தக் கோப்பை வேறு மென்பொருள் படிக்கும்போது உதைக்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாகவே கொடுத்து, எண் மாதிரி தெரிகிற அடையாளங்கள் எல்லாவற்றையும் உரை என்று வகை குறித்துவிடுங்கள். கூட்டிக் கழிக்க முடியாதது எதுவும் எண் இல்லை, இதுதான் என் அளவுகோல்.

திறக்கும்போதே "எஸ்ஒய்எல்கே கோப்பு" என்று என்னவோ சொல்கிறது: முதல் தலைப்பு ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஐ, டி என்று ஆரம்பிக்கிறது. எக்செல் அதைப் பழங்காலத்துக் கோப்பு வகை என்று நினைத்துக்கொள்கிறது. தலைப்பை மாற்றுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் போனது.

பெரிய ரிப்போர்ட்டில் பின்பகுதி இல்லை: ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைதான். பழைய எக்ஸ்எல்எஸ் என்றால் 65,536. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டதற்குக் காரணம் இந்தப் பழைய வடிவத்தின் எல்லைதான். வரம்பைத் தாண்டினால் சத்தமில்லாமல் வெட்டாமல், பயனரிடம் சொல்லுங்கள்.

பெயர் ஃபீல்டில் யாராவது சமக்குறியோடு ஆரம்பித்து ஏதாவது எழுதி வைத்தால் எக்செல் அதை ஃபார்முலாவாக ஓட்டப் பார்க்கும். கூட்டல், கழித்தல், அட் குறிகளும் அப்படியே. இது கோளாறு மட்டுமில்லை, தாக்குதலுக்கும் வழி. உரை வகையாக எழுதினால் இதுவும் அடங்கும்.

## பிடிஎஃப்பில் தமிழ் உடைகிறது

"மொத்தம்" என்ற சொல்லைப் பாருங்கள், எந்த ரிப்போர்ட்டிலும் கட்டாயம் இருக்கும். இரண்டு விதமாக உடையும், இரண்டுக்கும் மருந்து வேறு.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. உங்கள் மடிக்கணினியில் சரியாக வந்து சர்வரில் மட்டும் கட்டம் வருவது இதனால்தான். லினக்ஸில் "எஃப்சி-லிஸ்ட்" கட்டளையில் தமிழ் என்று கேட்டுப் பாருங்கள். விடை காலியாக வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் நிறுவுங்கள். டாக்கர் என்றால் இமேஜிலேயே சேருங்கள், ஓடுகிற கன்டெய்னரில் போட்டால் அடுத்த டிப்ளாயில் (புதிய பதிப்பை ஏற்றும்போது) காணாமல் போகும். ரூபாய்க் குறி மட்டும் கட்டமாக வந்தால் எழுத்துரு பழசு; அந்தக் குறி யூனிகோடில் 2010-இல்தான் சேர்ந்தது.

எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் கொம்பு மகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கிறது என்றால் எழுத்துருவைக் குறைசொல்லாதீர்கள். அந்த பிடிஎஃப் நூலகத்துக்கு எழுத்தைக் கோர்த்து வடிவமைக்கத் தெரியவில்லை. எத்தனை எழுத்துரு மாற்றினாலும் மாறாது. பிஹெச்பியில் எம்பிடிஎஃப் பயன்படுத்தினால் ஓடிஎல் (எழுத்தைக் கோர்க்கும் வசதி) அமைப்பை இயக்கிப் பாருங்கள். மற்றபடி திரையில்லாமல் ஓடும் ஹெட்லெஸ் குரோமில் ஹெச்டிஎம்எல் பக்கத்தை அச்சிட்டு பிடிஎஃப் ஆக்குவதுதான் எனக்குத் தெரிந்து தலைவலி இல்லாத வழி. மெமரி கொஞ்சம் தின்னும், தின்னட்டும்.

## சேமித்து வைத்த ரிப்போர்ட் திடீரென்று திறக்கவில்லை

சமீபத்திய டிப்ளாயில் யாரோ ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். சேமித்த வரையறையில் டேட்டாபேஸ் பெயரே நேரடியாக இருந்தால் இது நடந்தே தீரும். மாறாத ஒரு சாவிப் பெயரைச் சேமியுங்கள், அது எந்த ஃபீல்டைக் காட்டுகிறது என்பதைத் தனிப் பட்டியலில் வையுங்கள். இந்தப் பட்டியல் இன்னொரு வேலையும் செய்யும். ஃபீல்டு பெயரைக் குவெரிக்குள் பாராமீட்டராக அனுப்ப முடியாது, ஒட்டித்தான் ஆக வேண்டும். பட்டியலில் இல்லாத எதையும் ஒட்ட மறுத்தால் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு (வெளியாள் தன் கட்டளையைக் குவெரிக்குள் நுழைப்பது) அந்தக் கதவு மூடிவிடும்.

## இன்னொரு கடையின் தரவு தெரிகிறது

மேலே சொன்ன எதிலும் முதலில் சோதனை, கடைசியில்தான் ஆளைக் கூப்பிடுவது. இதில் தலைகீழ். ரிப்போர்ட் பில்டரை உடனே நிறுத்துங்கள், பொறுப்பில் இருப்பவருக்கும் பாதுகாப்பு தெரிந்தவருக்கும் போன் போடுங்கள், லாக்கை அழிக்காமல் எடுத்து வையுங்கள். அப்புறம் காரணம் தேடலாம். இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால், தரவுக் கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் உத்தரவு சொல்கிறது. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு அதில் இடமில்லை.

காரணம் பெரும்பாலும் ஒரு ஜோடி அடைப்புக்குறி. பயனர் "மதுரை அல்லது திருச்சி" என்று ஃபில்டர் வைப்பார். பில்டர் அதை, கடை எண் 5 மற்றும் ஊர் மதுரை அல்லது ஊர் திருச்சி என்று அடைப்புக்குறி இல்லாமல் கோர்க்கும். எஸ்க்யூஎல்லில் "ஆண்ட்" முதலில் ஒட்டிக்கொள்ளும். ஆக, திருச்சி என்று வந்தால் எந்தக் கடையின் பில்லாக இருந்தாலும் உள்ளே வந்துவிடும். பயனரின் ஃபில்டர் முழுவதையும் ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு, கடை எண்ணை வெளியே வையுங்கள்.

குவெரி சரியாக இருந்தால் கேஷைப் (மறுபடி ஓட்டாமல் கொடுக்கச் சேமித்து வைத்த விடைகள்) பாருங்கள். சாவியில் ரிப்போர்ட் எண் மட்டும் இருந்து கடை எண் இல்லையென்றால், முதலில் ஓட்டியவரின் விடை அடுத்தவருக்குப் போகும். அதுவும் இல்லையென்றால் இறக்கும் லிங்க்: 1041 என்று முடிவதை 1042 என்று மாற்றிப் பார்த்தால் திறக்கிறதா?

நிரந்தரத் தடுப்புக்கு போஸ்ட்கிரஸின் ரோ லெவல் செக்யூரிட்டி இருக்கிறது, 9.5 பதிப்பு முதல். பில்டர் எவ்வளவு தப்பாகக் குவெரி எழுதினாலும் டேட்டாபேஸே அடுத்த கடையின் வரிசையைக் கொடுக்காது. இயக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டேபிளின் சொந்தக்காரருக்கு அந்தத் தடை இயல்பாகப் பொருந்தாது. அப்ளிகேஷன் எந்தப் பயனர் பெயரில் டேட்டாபேஸுக்குள் நுழைகிறது என்று பாருங்கள். டேபிளை உருவாக்கிய அதே பெயர் என்றால் "ஃபோர்ஸ்" என்று சேர்த்துக் கட்டாயப்படுத்துங்கள், அல்லது ரிப்போர்ட்டுக்கென்று படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பெயர் ஒன்றை உருவாக்குங்கள். அப்புறம் இரண்டு சோதனைக் கடைகளில் ஆளுக்கொரு திருச்சி பில் போட்டு, அதே ஃபில்டரை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.